கந்தளாய்க் கல்யாண மண்டபத்து இடது ஸ்ட்ரட்

போன கிழமை வினோதினி தொலைபேசி எடுத்தாள். திருகோணமலைச் சீனக்குடாவில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். சின்ன விமானங்களுக்கு உதிரிப்பாகம் தேடிக் கொடுக்கும் வேலை. இப்போது அதற்கும் ஒரு செயலி வந்துவிட்டதாம். சாமானின் இலக்கத்தைத் தட்டினால், உலகத்தில் எந்த மூலையில் அது கிடக்கிறது என்று காட்டுமாம்.

"அக்கா, கதவுப் பிணைச்சல் ஒண்டு தேடுறன். ஒரு இடத்திலயும் இல்லையெண்டு காட்டுது. நீங்களெண்டா என்ன செய்வியள்?"

"கிட்டடியில கல்யாண வீடு ஏதும் இருந்தாப் போயிட்டு வாங்கோ பிள்ளை."

"பகிடி விடாதேங்கோ அக்கா. நான் உண்மையாத்தான் கேக்கிறன்."

நானும் உண்மையாகத்தான் சொன்னேன். கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே சிரிப்பு வந்து சொல்ல முடியாமல் போய்விட்டது. "அக்கா, நீங்கள் இதை எழுதித்தான் தரவேணும்" என்றாள். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் அவசரமாகக் கேட்பதில்லை. அதனால் மிகுந்த சந்தோஷத்தோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் ஈச்சிலம்பற்று. அப்பாவுக்கு ஒரு காலம் வயல், ஒரு காலம் கடல். நான் கணக்குப் பதிவு படித்துவிட்டுத் திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். கயிறு, பெயின்ற், பம்புக்குப் போடும் வாசர் என்று எதைக் கேட்டாலும் கப்பல் புறப்படுவதற்குள் கொடுக்க வேண்டும். தேடும் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது. பிறகு ஒரு சின்ன விமானக் கம்பனியில் சாமான் அறைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். விமானக் கம்பனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சீனக்குடாவில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு விமானம்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளைச்சி. நான்கு பேர் இருக்கலாம். ஒற்றை எஞ்சின், தலைக்கு மேலே இறக்கை. வயது என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சீசனில் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்கு மேலே கொண்டுபோய்க் காட்டுவாள். மற்ற நாட்களில் வயலும் குளமும் அளக்கிறவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பாள். அவளுடைய ரகத்தைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் நான் உலகத்தைச் சுற்ற வேண்டியிருந்தது.

அப்படிச் சுற்றியதில்தான் ஒரு விசித்திரமான உலகம் எனக்குத் தெரிய வந்தது. பழைய விமானச் சாமான்களைக் கார் விடும் கராச்சில் அடுக்கி வைத்துக்கொண்டு, விற்கவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் இடமில்லாமல் தவிக்கும் கிழவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கனடாவில் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு கதவுப் பிடி கேட்டேன். பதிலுக்கு, உங்கள் ஊரில் இன்றைக்கு மழையா, வெயிலா, விமானம் சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டு எழுதினார். துறைமுகத் தண்ணீரின் நிறத்தை அவருக்குப் பக்கம் பக்கமாக வருணித்தேன். கடைசியில் கதவுப் பிடி ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் வந்து சேர்ந்தது, பிஸ்கற்றும் சேர்த்து.

எனக்கு மேலே இருந்தவர் சிவபாதம் சேர். தலைமைப் பொறியியலாளர். உயரம், ஒல்லி, சட்டைப் பையில் ஒரு சின்ன டோர்ச், கழுத்தில் நூலில் கட்டிய பூதக்கண்ணாடி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் எனக்கு "நீர்". கொஞ்சம் பிழைத்துவிட்டால் "நீங்கள்". நன்றாக முற்றிவிட்டால் "மேடம்". காலையில் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லைக் கேட்டே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு போல்ற் தேவைப்பட்டது. துறைமுகத்தில் பழகிய கடையொன்றில் அதே நீளம், அதே தடிப்பு, அதே புரி, தங்கம் மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஓடிப்போய் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். சேர் அதை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார், நகத்தால் தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"மிச்சம் வடிவான போல்ற். இது எங்க செய்தது, ஆர் செய்தது, முந்தி எதில இருந்தது?"

"தெரியாது சேர்."

"அப்ப இது விமானச் சாமான் இல்லை மேடம்."

எனக்கு முதல் "மேடம்" அன்றைக்குத்தான் கிடைத்தது. எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது என்று தெரியாத எதையும் அவர் வெள்ளைச்சியில் பூட்ட விடமாட்டார். அந்த போல்ற், மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் பாரம் வைக்க அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. நான் ஓய்வு பெறும்வரைக்கும் அங்கேதான் இருந்தது.

இனிக் கதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானத்தில் இடது பக்கச் சாமானுக்கு ஒரு இலக்கம், வலது பக்கச் சாமானுக்கு வேறு இலக்கம். ஒன்றை மற்றப் பக்கத்தில் பூட்ட முடியாது. இடது, வலது என்பது விமானியின் இடது, வலது. எங்கள் ஆட்களோ வெள்ளைச்சியின் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டுதான் எப்போதும் கதைப்பார்கள். அப்படி நின்றால் எல்லாம் தலைகீழ். இதற்கு முடிவு கட்ட, சேர், வெள்ளைச்சி நிற்கும் கொட்டகையான ஹங்கரின் வாசலில் ஒரு பழைய மரக்கதிரையைப் போட்டார். வெள்ளைச்சியை எப்போதும் பின்பக்கமாகத் தள்ளித்தான் உள்ளே விடுவோம். மூக்கு வாசலைப் பார்க்கும். கதிரையும் வாசலைப் பார்த்தபடி இருக்கும். இடது, வலது என்று யாராவது வாய் திறப்பதானால், முதலில் போய் அந்தக் கதிரையில் இருந்து, இரண்டு கைகளையும் இறக்கைபோல விரித்து, பிறகுதான் சொல்லலாம். கொழும்பிலிருந்து வந்த எங்கள் டைரக்டரும் ஒருமுறை கழுத்துப் பட்டியோடு அதில் இருந்து கைகளை விரித்தார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு மாரி காலத்தில் அடித்த காற்றில், பக்கத்துக் கொட்டிலின் தகரம் ஒன்று கழன்று பறந்து வந்தது. வெளியே நின்ற வெள்ளைச்சியின் ஸ்ட்ரட்டில் மோதியது. இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் சாய்வாகப் போகும் நீண்ட முட்டுக்கம்பியைத்தான் ஸ்ட்ரட் என்போம். பறக்கும்போது இறக்கையின் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அதில் ஒரு நெளிவு விழுந்துவிட்டது. சேர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதைத் தட்டி நிமிர்த்த ஏலாது. வேற வேணும்" என்றார்.

செய்தி கேட்டு டைரக்டர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசினார். சேர் எல்லோருக்கும் கேட்கும்படி அதன் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"சித்திரை கழிஞ்சு கடல் அடங்கத் திமிங்கிலம் பாக்க ஆக்கள் வரத் தொடங்குவினம். அதுக்குள்ள பறந்தாப் பறக்கட்டும். இல்லாட்டி நிலாவெளிப் பக்கம் ஒரு ஓட்டல்காரர் கேக்கினம். தோட்டத்தில வைக்கப் போகினமாம், பிள்ளையள் ஏறி விளையாட. அவையளிட்டக் குடுத்திட்டு அங்க மூடுவம்."

வாலில் சறுக்குமரம் பூட்டுவார்களாம். இறக்கையில் கலர் கலராக லைற் கட்டுவார்களாம். எங்கள் மெக்கானிக் நேசன் இதைக் கேட்டுவிட்டு வெள்ளைச்சியின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றான். எங்கள் வேலை போவது ஒரு பக்கம். அதைவிட அந்தச் சறுக்குமரத்தை நினைக்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

உடனே தேடத் தொடங்கினேன். வேலைமேசை ஹங்கரின் ஒரு பக்கச் சுவரோடு இருந்தது. அடிபட்ட இறக்கை மேசைப் பக்கம் வரவேண்டுமென்று, அந்த முறை மட்டும் வெள்ளைச்சியை மூக்கு முன்னால் போகத் தள்ளி உள்ளே விட்டிருந்தோம். சேர் வழக்கம்போலக் கதிரையில் போய் இருந்தார். வாசலைப் பார்த்தபடி கைகளை விரித்தார். அடிபட்ட இறக்கை அவருடைய வலது கைப் பக்கம் இருந்தது.

"வலது" என்றார்.

நானும் வலது பக்க இலக்கத்தையே எழுதி அனுப்பினேன். வெளிநாட்டில் பழைய விமானங்களைக் கழற்றி விற்கும் ஒரு இடத்தில், சரியான பத்திரங்களோடு ஒரே ஒரு வலது ஸ்ட்ரட் இருந்தது. இலட்சுமியே வாசலுக்கு வந்தது மாதிரி நான் துள்ளினேன். அது கப்பலில் கொழும்புக்கு வந்து, லொறியில் சீனக்குடாவுக்கு வந்தபோது நேசன் தேங்காய் உடைத்தான். பெட்டியைத் திறந்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு போய் இறக்கைக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். பொருந்தவில்லை. திருப்பிப் பிடித்தோம். அப்போதும் பொருந்தவில்லை. மேல் முனை எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது.

சேர் மெதுவாக நடந்து போய்க் கதிரையில் இருந்தார். கைகளை விரித்தார். பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். வெள்ளைச்சியின் வால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விமானத்தைத் திருப்பிய எங்களில் ஒருவருக்கும் கதிரையையும் திருப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை அந்தக் கதிரையில்.

"மிஸ்டர் சிவபாதம்" என்றார் அவர், மிக மென்மையான குரலில். "நீங்கள் தயவுசெய்து எழும்புங்கோ."

தன்னையே அவர் அப்படி அழைத்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். நேசன் சிரிப்பை அடக்கமுடியாமல் வெள்ளைச்சிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான்.

இடது ஸ்ட்ரட் அந்த இடத்தில் இல்லை. கனடாக் கிழவரிடமும் இல்லை. புதிதாகச் செய்து தருகிறவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். இதற்கிடையில் ஓட்டல்காரர் அளவு நாடாவோடு ஒருவரை அனுப்பினார். அவர் எங்கள் கண் முன்னாலேயே வெள்ளைச்சியை மூக்கிலிருந்து வால் வரைக்கும் அளந்தார். சறுக்குமரம் எந்தப் பக்கம் என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். அவரைக் கதிரையில் இருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த நாட்களில்தான் தோப்பூரில் என் மச்சாள் கட்டிய புது வீட்டில் குடிபூரல். போக விருப்பமில்லாமல்தான் போனேன். சாப்பாடு முடிந்ததும் மச்சாள் தன் மகளின் கல்யாண அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தாள். அதன் பாரமே ஒரு அரிசி மூட்டை. மண்டபம், மாலை, கேக், மறுபடியும் மாலை. நான் கொட்டாவியை விழுங்கி விழுங்கி "வடிவு, வடிவு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளை விமானம் ஒன்று நின்றது. அதன் இறக்கைக்குக் கீழே மாப்பிள்ளையும் பொம்பிளையும் சாய்ந்துகொண்டு நின்றார்கள். வெள்ளைச்சியின் கூடப்பிறந்தவள் மாதிரி அச்சொட்டாக அதே ரகம். பொம்பிளையின் மருதாணிக் கை பிடித்திருந்தது ஒரு ஸ்ட்ரட்டை.

நான் அல்பத்தைப் பறித்து முகத்தருகே பிடித்தேன்.

"எப்பிடி இருக்கிறா பொம்பிளை?" என்று மச்சாள் பெருமையாகக் கேட்டாள்.

"நல்ல நேரா இருக்கு. ஒரு நெளிவும் இல்லை."

"என்ன சொல்லுறாய்?"

"ரெண்டு முனையும் வடிவாத் தெரியுது."

இடதா, வலதா? படம் முன்னால் நின்று எடுத்தது. தொலைபேசியில் எடுத்துப் பக்கம் மாறியிருக்குமோ என்று வாலைப் பார்த்தேன். அதிலிருந்த எழுத்துகள் நேராகத்தான் இருந்தன. ஒரு கதிரையை இழுத்து விறாந்தையின் நடுவில் போட்டு, எல்லோருக்கும் முன்னால் ஏறி இருந்து, இரண்டு கைகளையும் விரித்தேன்.

"அம்மாளாச்சி, இவளுக்கு என்ன நடந்தது?" என்றாள் மச்சாள்.

"இடது!" என்று நான் கத்தினேன். "மச்சாள், இடது! எங்கயடி இருக்கு இந்த மண்டபம்?"

"கந்தளாயில. குளத்துக்குப் போற பக்கம்."

மச்சாளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். மகளின் அழகைத்தான் மெச்சுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். அல்பத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சேர் முன்னால் அதை விரித்து வைத்தேன்.

"மேடம்," என்றார், "கல்யாண மண்டபத்துச் சோடனைச் சாமானை விமானத்தில பூட்டச் சொல்லுறீங்களோ?"

"வாலில எழுத்து இருக்கு சேர். எங்க பறந்தது எண்டு தேடலாம்."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் குனிந்து பார்த்தார். பொம்பிளையின் முகத்தின் மேல் கண்ணாடி ஒருமுறையும் போகவில்லை. பிறகு கொழும்பில் தன்னோடு படித்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அந்த எழுத்துகளைச் சொன்னார். அது ஒரு பறப்புப் பள்ளியில் இருந்த விமானம் என்றும், எஞ்சினைக் கழற்றிக்கொண்டு உடம்பை விற்றுவிட்டார்கள் என்றும், அதன் பறப்புப் பதிவுகள் இன்னமும் பள்ளியிலேயே பத்திரமாக இருக்கின்றன என்றும் பதில் வந்தது. சேர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நீர் நாளைக்குக் கந்தளாய்க்கு வாறீரோ?"

நான் மேடத்திலிருந்து நீருக்கு இறங்கியதை நேசன் வாசலில் நின்று கேட்டுக் கைதட்டினான்.

மண்டபத்து முதலாளி நிசார் நானா. வாசலிலேயே சேரையும் நேசனையும் என்னையும் வரவேற்றுக் குளிர்பானம் கொடுத்தார். மாமர நிழலில் விமானம் நின்றது, மூக்கில் பிளாஸ்ரிக் பூமாலையோடு. வந்த காரியத்தைச் சொன்னோம்.

"லொறியில இரும்புக்குப் போய்க்கொண்டு இருந்துது சேர். நான்தான் மறிச்சு வாங்கின. கந்தளாயில எத்தனை மண்டபம் இருந்தாலும், பிளேன் நிக்கிற மண்டபம் எண்டா நம்மட மண்டபம்தான். ஆணியொண்டும் குடுக்கமாட்டன். இதில சாஞ்சு படம் எடுக்கத்தானே இஞ்ச வாறாங்க."

சேர் விமானத்தைச் சுற்றத் தொடங்கினார். இடது ஸ்ட்ரட்டுக்குக் கீழே நின்று டோர்ச் அடித்தார், தட்டினார், காதை வைத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கால் பெருவிரல் செருப்புக்குள் தாளம் போட்டதை நான் பார்த்தேன். பிறகு மூக்கைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போனார். அங்கே அப்படியே நின்றுவிட்டார். நாங்களும் போனோம்.

வலது பக்கத்தில் ஸ்ட்ரட் இல்லை. வெள்ளைப் பெயின்ற் அடித்த தண்ணீர்க் குழாய் ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. இறக்கை அந்தப் பக்கம் தளர்ந்து தொங்கியது.

"வரக்குள்ளயே அது இல்ல சேர்" என்றார் நிசார் நானா வெட்கத்தோடு. "பைப்பை வெட்டிப் போட்டிருக்கன். இந்தப் பக்கத்தில ஆரையும் படம் எடுக்க விடுறதில்ல."

நான் நேசனைப் பார்த்தேன். நேசன் என்னைப் பார்த்தான். எங்கள் ஹங்கரில் பெட்டிக்குள் படுத்திருந்த வலது ஸ்ட்ரட் இரண்டு பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. இரண்டு பேரும் சேரைப் பார்த்தோம்.

கழற்றிய வாசர்களையும் எறிய விடாத மனிதர் அவர். ஒரு நல்ல ஸ்ட்ரட்டை, பத்திரங்களோடு வந்த ஸ்ட்ரட்டை, இனி ஒருபோதும் பறக்காத ஒரு விமானத்துக்குக் கொடுப்பதா? பூதக்கண்ணாடி நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"நானா," என்றார் கடைசியில், "உங்களுக்கு ரெண்டு பக்கமும் உண்மையான ஸ்ட்ரட் தாறன். வலது அருமையான சாமான். இடது கொஞ்சம் நெளிஞ்சது, நிண்ட இடத்தில நிக்க அது போதும். நெளிவில பூவைச் சுத்திவிடுங்கோ. உங்கட இடதை எங்களுக்குத் தாங்கோ."

"அப்ப ரெண்டு பக்கமும் படம் எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

நிசார் நானா சேரின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் டோர்ச் கீழே விழுந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். பொம்பிளை வரும்போது விமானம் வடிவாக நிற்க வேண்டும்.

ஞாயிறு காலை இரண்டு ஸ்ட்ரட்டையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். முதலில் வலதைப் பூட்டினோம். தொங்கிய இறக்கை நிமிர்ந்தது. பிறகு இடது இறக்கைக்குக் கீழே மரத் தாங்கிகளை நிறுத்தி, மணவறைக் கதிரைகளின் வெல்வெட் மெத்தைகளை வாங்கி அதன் மேல் அடுக்கினோம். சேர் கீழே மல்லாந்து படுத்து, பித்தளைக் கம்பியை வைத்து போல்ற்றை மெல்ல மெல்லத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் கார் வந்து நின்றது. படம் எடுக்கிறவர் காலை வெயில் நல்லது என்று பொம்பிளை மாப்பிள்ளையை முன்னதாகவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பட்டுச்சாறியோடு இறங்கிய பொம்பிளை, ஒற்றைக் காலைத் தூக்கிய மாதிரி நின்ற விமானத்தையும், கீழே நீட்டிக்கொண்டிருந்த சேரின் கால்களையும் பார்த்தாள். நிசார் நானா தலையில் கை வைத்தார். அழப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அங்கிள், நான் ஏதும் பிடிக்கட்டா?" என்றாள்.

"வேண்டாம் தங்கச்சி. சாறியில கிறீஸ் படும்."

"படட்டும் அங்கிள். எல்லாரும் பிளேனுக்கு முன்னால நிண்டுதான் படம் எடுக்கினம். பிளேன் திருத்தி ஆர் எடுத்தது?"

அவள் பெயர் தர்ஷினி. ஒரு கையில் பூச்செண்டு, மற்றக் கையில் போல்ற் கழற்றும் சாவி. மாப்பிள்ளை ஸ்ட்ரட்டின் கீழ் முனையைத் தோளில் தாங்கினார். "மாப்பிள்ளை, நான் சொல்லுமட்டும் விடாதேயும்" என்று சேர் கீழேயிருந்து கட்டளை போட்டார். படம் எடுக்கிறவர் துள்ளித் துள்ளி எடுத்தார். நெளிந்த ஸ்ட்ரட்டை ஏற்றி, போல்ற் உள்ளே போய் இருந்ததும், கூடி நின்ற இரண்டு வீட்டாரும் கைதட்டினார்கள். உள்ளேயிருந்து ஐயர் ஆள் அனுப்பித்தான் பொம்பிளையைக் கூப்பிட வேண்டியிருந்தது. நாங்கள் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பந்தியில் இருத்தினார்கள். ஸ்ட்ரட் லொறியில் வெல்வெட் மெத்தை மேலே படுத்திருந்தது. அந்த மெத்தையையும் நிசார் நானா கொடுத்துவிட்டார்.

ஆனால் கொண்டு வந்துவிட்டால் போதாது. அது பறக்கத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும். முனைகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று இருந்தாலும் எல்லாம் முடிந்தது, சறுக்குமரம்தான்.

சேர் அதை மேசையில் கிடத்தினார். பெயின்ற்றை உரித்தபோது அதன் மேல் கல்யாணச் சோடிகள் கீறிய இதயங்களும் பெயர்களும் சேர்ந்து உரிந்தன. முனைகளை எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவினார். சிவப்புச் சாயத்தைப் பூசினார். வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். இறங்க நேரம் கொடுத்துவிட்டு, மேலே நின்ற சாயத்தைத் துணியால் ஒரே பக்கமாக, ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்தார். இனி வெள்ளை மருந்து அடிக்க வேண்டும். வெடிப்புக்குள் சாயம் இருந்தால் வெள்ளையில் சிவப்பாக ஊறி மேலே வரும். மருந்து அலுமாரிக்குள் இருந்தது. சேர் அதை எடுக்க உள்ளே போய், குலுக்கிக்கொண்டே வந்தார். நாங்கள் மேசையைச் சுற்றி நெருங்கி நின்றோம். வெள்ளை பனிபோல விழுந்து காய்ந்தது.

சிவப்பு வந்தது.

வெள்ளைச்சியின் வாலில் பிள்ளைகள் சறுக்குவது கண்ணுக்குத் தெரிந்தது. சேர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நிமிரவே இல்லை.

"நேசன்" என்றார் குனிந்தபடியே.

"சேர்."

"வெடிப்பெண்டாக் கோடாத்தான் வரும். இது வட்டமா வருது."

நேசன் தலையைச் சொறிந்தான். "நான்தான் சேர் கடுகளவில ஒரு பொட்டு வைச்சனான். காலையில காளி கோயிலுக்குப் போனனான், குங்குமம் மடியில இருந்தது. நீங்கள் அலுமாரிக்குப் போன நேரம்... புதுச்சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எப்பிடி சேர்?"

நாங்கள் பயந்துகொண்டே பார்த்தோம். "ஐயா, தாங்கள்" என்று தொடங்கினார் சேர். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. போய்க் கதிரையில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எல்லாவற்றையும் கழுவி, முதலிலிருந்து மறுபடி செய்தோம். இந்த முறை நேசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. உள்ளே சின்னக் கமராவை விட்டும் பார்த்தோம். ஒரு பொட்டுத் துருவும் இல்லை. பிறகு கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, பறப்புப் பள்ளியின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதே சோதனையைத் தன் முன்னால் இன்னொரு முறை செய்யச் சொல்லி, ஒப்பமிட்டார். அந்த நேரம் நேசனைத் தேத்தண்ணி வாங்க வெளியே அனுப்பிவிட்டோம்.

வெள்ளைச்சி பறந்தாள். முதலில் விமானியும் சேரும் மட்டும் ஏறி, துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். டைரக்டர் ஓட்டல்காரருக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் தோட்டத்துக்கு ஒரு பழைய வள்ளத்தை வாங்கிக்கொண்டார்களாம். சறுக்குமரம் அதில்தான் பூட்டியிருக்கிறது.

சீசனின் முதல் பயணத்தில் ஒரு இருக்கை மிச்சமிருந்தது. "நீர் ஏறும்" என்றார் சேர். அத்தனை வருடம் அவளுக்குச் சாமான் தேடியும், நான் ஒரு நாளும் அவளில் ஏறியதில்லை. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஏறி விமானிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். பின்னால் கொழும்பிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதி. அவர் கையில் பீரங்கி மாதிரி ஒரு கமரா.

நிலம் விலகியதும் நான் வீரிட்டுக் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. துறைமுகம் முழுவதும் ஒரே பார்வைக்குள் வந்ததுதான் நினைவிருக்கிறது. கப்பல்கள் குண்டுமணிபோலக் கிடந்தன. நான் வேலை பார்த்த பழைய கடையின் கூரையைத் தேடினேன். பிறகு நீலம் இன்னும் கறுத்து, கரை பின்னால் போய்விட்டது.

"இடது பக்கம் பாருங்கோ!" என்று விமானி கத்தினார்.

எல்லோரும் ஒரே பக்கம்தான் திரும்பினோம். அங்கே யாருக்கும் கதிரை தேவைப்படவில்லை. கீழே திமிங்கிலம், வள்ளங்களைவிடப் பெரிதாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேனா என்று கேட்டால், உண்மையில் பாதிதான் பார்த்தேன். விமானிக்கு அப்பால், ஜன்னலுக்கு வெளியே, இறக்கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து கண்ணை எடுக்க எனக்கு மனமில்லை.

பின்னாலிருந்தவர் கமராவை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என் தோளில் தட்டினார்.

"மிஸ், இந்தக் கம்பி மறைக்குது. இதைக் கழட்டிவிட்டு ஓட ஏலாதா?"

விமானி என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் வந்த சிரிப்பில் வெள்ளைச்சியே ஒருமுறை ஆடினாள்.

"கழட்டலாம் தம்பி" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கழட்டினா நீங்கள் திமிங்கிலத்துக்குப் பக்கத்தில நிண்டே படம் எடுக்கலாம்."

அவர் கம்பியோடு சேர்த்தே படத்தை எடுத்தார். ஊருக்குப் போய் அந்தப் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். சட்டம் போட்டு முன் விறாந்தையில் மாட்டியிருக்கிறேன். அதில் திமிங்கிலம் பாதிதான் விழுந்திருக்கிறது. ஸ்ட்ரட் முழுசாக விழுந்திருக்கிறது, இரண்டு முனையும் வடிவாகத் தெரிய.